ஆல்பத்தைக் கையில் கொடுக்காதவர்

அந்த மனிதரின் மடியிலிருந்து காலண்டர் ஆல்பத்தை வாங்கி, என் கையால் ஒரு தடவையாவது முழுசாகப் புரட்டிவிட வேண்டும் என்று பதினோரு வருடம் முயன்றேன். நடக்கவில்லை.

விருதுநகர் பஜாரில் என் பருப்பு மண்டிக்கு மூன்று கடை தள்ளி அவருடைய ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் ஒரு மேசை, இரண்டு நாற்காலி, சுவர் முழுக்க ஆணி, ஆணிக்கு ஒரு காலண்டர். சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் ஆர்டர் பிடித்துக் கொடுக்கிற ஏஜெண்ட். பஜாரில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. எனக்கும் அப்படித்தான். என்னைப் பாய் என்று கூப்பிடுவார். அவர் பெயரை நான் இங்கே எழுதவில்லை. எழுதுகிற உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை.

ஆடிப் பதினெட்டுக்குச் சிவகாசியில் புது வருட ஆல்பம் வெளிவரும். தலையணை கனத்துக்கு ஒரு புத்தகம். சாமி படம், குழந்தை படம், அருவி, பழக்கூடை, பாய்மரக் கப்பல் என்று நூற்றுக்கணக்கில் இருக்கும். கடைக்காரர் ஒரு படத்தைக் காட்டினால், அதன் கீழே அவர் கடைப் பெயரை அச்சடித்துத் தருவார்கள். மற்ற ஏஜெண்டுகள் ஆல்பத்தைக் கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். முதலாளி புரட்டுவார், கணக்கப்பிள்ளை புரட்டுவார், சரக்கு வாங்க வந்தவர் புரட்டுவார், மூன்று வாரம் கழித்து ஏஜெண்ட் வந்தால், "இன்னும் வீட்டுல காட்டலையே" என்பார்கள்.

நம்முடைய ஆளிடம் அந்தக் கதையே கிடையாது. ஆல்பத்தை மடியில் வைத்துக்கொண்டுதான் உட்காருவார். முக்கால்வாசிப் பக்கங்களை இரும்புக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார். எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்ப்பார், கடையைப் பார்ப்பார், மூன்று படம் காட்டுவார். மூன்றில் எதையாவது நாம் கூடுதலாக ஒரு நொடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனோம் என்றால், அந்த அடுத்ததைப் பட்டென்று மூடிவிடுவார். "இது முடிஞ்சு போச்சு பாய். அச்சகத்துல அந்தப் படத்தாள் இல்ல." அப்புறம் இன்னொன்றும் முடிந்துபோகும். மிச்சம் இருப்பதற்கு ஆர்டர் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு எழுந்துவிடுவார். மொத்தம் பத்து நிமிஷம்.

என் மண்டிக்குப் படம் தேர்ந்தெடுப்பது சாதாரண விஷயம் இல்லை. மக்கா படம் போட்டால் என் சொந்தக்காரர்கள் மாட்டுவார்கள், மற்ற வாடிக்கையாளர்கள் என்ன செய்வார்கள்? குழந்தை படம் போட்டால், பருப்புக்கும் குழந்தைக்கும் என்ன சம்பந்தம்? எனக்கு யோசிக்க அவகாசம் வேண்டும். நான் எதையும் யோசிக்காமல் செய்கிறவன் இல்லை. முதல் வருடம் எனக்கு அருவி பிடித்திருந்தது. கூடவே பழக்கூடையை ஒரு நொடி கூடுதலாகப் பார்த்துவிட்டேன். அருவி முடிந்துபோய்விட்டது. பதினோரு வருடமும் என் மண்டிக் காலண்டரில் பழக்கூடைதான். அந்த முதல் வருடமே தை மாதம் தெப்பக்குளம் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் அதே அருவி தொங்குகிறது, கீழே அவருடைய ஏஜென்சி பெயரோடு.

நேராகப் போய்க் கேட்டேன். முகத்தில் ஒரு சின்ன மாற்றம்கூட இல்லை.

"உங்களுக்கு முடிஞ்சு போச்சுன்னு சொன்னேன் பாய். ஊருக்கே முடிஞ்சு போச்சுன்னா சொன்னேன்?"

"இது என்ன நியாயம் அண்ணாச்சி?"

"அருவியா பழமான்னு நீங்க ஐப்பசி வரைக்கும் யோசிச்சிருப்பீக. இப்ப நிம்மதியா இருக்கீகல்ல. டீ சொல்லவா?"

நானும் டீ குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

தொழிலுக்காகச் செய்கிற தந்திரம் என்றால் விட்டுவிடலாம். அது அவருடைய இரத்தத்திலேயே இருந்தது. பரோட்டாக் கடைக்கு நாலு பேர் சேர்ந்து போனால், சப்ளையர் இருக்கிறதைச் சொல்ல வாயெடுப்பதற்குள், "இவுககிட்ட வரிசையா ஒப்பிக்காதப்பா, பொழுது போயிரும்" என்று தடுத்துவிட்டு நாலு பேருக்கும் ஒரே மாதிரி சொல்லிவிடுவார். ஜவுளிக் கடைக்கு மனைவியோடு போகிற அன்று, ஐந்து நிமிஷம் முன்னாலேயே போய்க் கடைக்காரரிடம் எதையோ சொல்லிவிட்டு வருவார். அந்த அம்மா ஒரு நாள் என் மனைவியிடம் சொன்னது: "கல்யாணம் ஆகி முப்பது வருசமாச்சு. கடையில மூணாவது சேலைய நான் பாத்ததே இல்ல." மகளுக்கு மாப்பிள்ளை பார்த்தபோது வந்த ஜாதகங்களில் ஒன்றை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, மற்ற எல்லாவற்றையும் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தப் பெண் நன்றாகத்தான் இருக்கிறாள். ஆனால் அந்த அம்மா பல நாள் அவரோடு பேசவில்லை. "வாசல்ல நின்னவுக யாருன்னாவது பாக்க விட்டிருக்கலாம்ல" என்பாராம்.

இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டுதான் கேட்டேன். அடுத்தவர் வீட்டுச் சேலை, அடுத்தவர் வீட்டு ஜாதகம்.

*

என் மகள் ஷமீமா எம்.எஸ்ஸி. வேதியியல் முடித்தாள். எங்கள் குடும்பத்தில் பி.காம். படித்த நானே பெரிய படிப்பாளி. அவள் அதற்கும் மேலே டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வேண்டும் என்றாள். சரி என்றேன். ஒரு இடம் கிடைத்தாலே அதிசயம் என்று நினைத்திருந்தேன். மூன்று கிடைத்துவிட்டது.

ஒன்று, வடக்கே. பெயரைச் சொன்னால் யாரும் எழுந்து நிற்பார்கள், அப்படி ஒரு நிறுவனம். ஆனால் அங்கே எந்தப் பேராசிரியரிடம், என்ன தலைப்பில் என்பதை அவர்கள்தான் முடிவு செய்வார்கள். ஷமீமாவுக்குப் பிடித்த தலைப்பு கிடைக்குமா என்பது தெரியாது. ரயிலில் இரண்டு இரவு, அப்புறம் ஒரு பஸ்.

இரண்டாவது, ஒரிசாவில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். அந்த ஊரின் பெயரை எங்கள் தபால்காரரே இரண்டு தடவை வாசித்தார். ஆனால் அங்கிருந்த பேராசிரியர், ஷமீமா செய்ய நினைத்த அதே வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார். கிணற்றுத் தண்ணீரில் இருக்கிற ஃப்ளோரைடை எடுப்பது. எங்கள் மாவட்டத்துக் கிணறுகளில் அது உண்டு. மல்லாங்கிணறு பக்கம் பல்லெல்லாம் பழுப்பேறிய பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்துதான் அவளுக்கு அந்த எண்ணமே வந்தது. அவள் எழுதிய கடிதத்துக்கு அந்தப் பேராசிரியர் இரண்டு பக்கம் கையால் பதில் எழுதியிருந்தார்.

மூன்றாவது, மதுரையில் ஒரு கல்லூரி. தலைப்பு சுமார், பெயரும் சுமார். ஆனால் காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் வீட்டில் இருக்கலாம். என் மனைவிக்கு இதுதான். "பொண்ணு கண்ணு முன்னால இருக்கும். நல்ல இடம் வந்தா நிக்காவையும் முடிச்சிரலாம்."

நான் யோசிக்க ஆரம்பித்தேன். கிழித்த தேதித் தாள்களின் பின்பக்கத்தில் பட்டியல் போட்டேன். பெயரா, தலைப்பா, தூரமா? அவள் படித்த கல்லூரிப் பேராசிரியரிடம் கேட்டேன். "கண்ண மூடிக்கிட்டு வடக்க அனுப்புங்க. நாளைக்கு வேலைக்குப் போற எடத்துல அந்தப் பேருதான் பேசும்" என்றார். அன்று முழுவதும் வடக்கு. மறுநாள் மண்டிக்கு வந்த ஒருவர், அவருடைய உறவுக்காரப் பையன் பெரிய இடத்தில் சேர்ந்து, பிடிக்காத வேலையைச் செய்து, பாதியில் திரும்பி வந்ததைச் சொன்னார். உடனே ஒரிசா. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் மனைவி முகத்தைப் பார்த்ததும் மதுரை. என் மகளின் பெயரைச் சொல்லி அந்த வட ஊரில் ஒரு அறை வாடகைக்குக் கேட்டால் கொடுப்பார்களா என்பது வரை யோசித்தேன். அதை மட்டும் பட்டியலில் எழுதவில்லை.

பாவம், ஷமீமா தெளிவாகத்தான் ஆரம்பித்தாள். நான் கேட்ட கேள்விகளில் அவளும் குழம்பிப் போனாள். "நேத்து நீங்கதானே அத்தா ஒரிசான்னீங்க" என்பாள். "நேத்து சொன்னேன். இன்னைக்கு அந்தப் பெரிய பேர விடுறதான்னு இருக்கு" என்பேன். சாப்பாட்டுத் தட்டை முன்னால் வைத்துக்கொண்டு சோற்றை அளைந்துகொண்டிருப்பாள்.

வடக்கு நிறுவனத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் ஃபேக்ஸில் பதில் சொல்ல வேண்டும். பஜாரில் ஃபேக்ஸ் இருந்தது அண்ணாச்சியிடம். அச்சகங்களுக்கு ஆர்டர் அனுப்ப வைத்திருந்தார். அந்த நம்பரைத்தான் ஷமீமா விண்ணப்பங்களில் கொடுத்திருந்தாள். அப்போது எனக்கு ஒரு யோசனை வந்தது. கெட்டிக்காரத்தனம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். "ஒவ்வொரு இடத்துக்கும் 'வருகிறேன்' என்று ஒன்று, 'வரவில்லை' என்று ஒன்று, இரண்டையும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைத்துவிடு. கடைசி நிமிஷத்தில் முடிவு பண்ணினாலும் அனுப்பிவிடலாம்." மகளும் எழுதிக் கொடுத்தாள். எது எதற்கு என்று ஒவ்வொன்றின் மேல் மூலையிலும் பென்சிலால் தமிழில் குறித்து, வந்த கடிதங்களையும் சேர்த்து எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் அந்த ஃபைலைக் கொண்டுபோய் அண்ணாச்சி மேசையில் வைத்தேன். ஆடி முதல் வெள்ளி. அவரிடம் ஃபேக்ஸ் பார்க்கிற பெண் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் போயிருந்தாள்.

"நான் நாலு மணிக்கு வந்து சொல்றேன் அண்ணாச்சி. அதுவரைக்கும் எதையும் அனுப்பிராதீக."

"எத்தன நாளா பாய் இது ஓடுது?"

"மூணு வாரம்."

"புள்ள எளச்சுப் போச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் ஜும்மாவுக்குப் போய்விட்டு வந்தேன். வந்தால் கிட்டங்கியில் துவரை லோடு நனைந்து இறங்கியிருக்கிறது. அதோடு மல்லுக்கட்டி முடித்து, ஷமீமாவை வீட்டிலிருந்து அழைத்துக்கொண்டு போகும்போது நாலேகால். அப்போதும் முடிவு பண்ணவில்லை. வழியில்கூட, "அங்க போனதும் முதல்ல யாருக்குத் தோணுதோ அதைச் சொல்லிருவோம்" என்றேன். அவள் வேகத்தைக் கூட்டி முன்னால் நடந்தாள்.

அண்ணாச்சி டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"அனுப்பியாச்சு பாய்."

"என்னத்த?"

"வடக்க வரலேன்னு போட்டாச்சு. மதுரைக்குப் போன் போட்டு, புள்ள வரல, வேற ஆளப் பாத்துக்கிடுங்கன்னு சொல்லியாச்சு. ஒண்ணுதான் மிச்சம். அதுக்குப் போறதும் போகாததும் உங்க இஷ்டம். அத நான் தொடல."

நான் என்ன கத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. பக்கத்துக் கடைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். என் பொண்ணோட வாழ்க்கை உம்ம பழக்கூடையா என்று கேட்டது மட்டும் நினைவிருக்கிறது. அவர் அசையவில்லை. ஃபைலைத் திறந்து கடிதங்களை மேசையில் பரப்பினார்.

"எனக்கு இங்கிலீசு தெரியாது. அச்சு தெரியும். இந்தா, இது வடக்கேருந்து வந்தது. இது மொத்தமா அடிச்சு வச்ச காயிதம் பாய். பேரு மட்டும் தனியா ஏத்திருக்கான், எழுத்து ஒரு நூல் கீழ எறங்கி நிக்குது பாருங்க. நம்ம காலண்டர் மாதிரிதான், படம் ஒண்ணு, கடை பேருதான் வேற. மதுரைக்காரர்கிட்ட வரலேன்னு சொன்னேன். 'சரி, சந்தோசம்'னு வச்சிட்டாரு. ஏன்னு ஒரு கேள்வி கேக்கல. இந்த ஒரு ஆளு கையால எழுதிருக்காரு. நாலு எடத்துல அடிச்சுத் திருத்திருக்காரு. கேள்விக் குறியே ஏழு போட்டிருக்காரு. எண்ணிப் பாத்தேன்."

"அதை நாங்க பாக்க மாட்டோமா?"

"மூணு வாரமா பாத்தீகளே."

அப்போதுதான் ஷமீமா பேசினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல மாமா?"

"கேட்டா நீ அழுதிருப்ப தாயி."

"இப்பவும் அழத்தான் செய்றேன்."

பதினோரு வருடத்தில் அந்த மனிதர் தடுமாறியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். டீ கிளாஸைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார்.

*

உடனே வடக்குக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி ஃபேக்ஸ் போடப் பார்த்தோம், லைன் கிடைக்கவில்லை. மதுரைக்காரர் எடுத்தார். அந்த இடத்துக்குக் காத்திருந்த ஒரு பையனுக்கு அப்போதே சொல்லிவிட்டதாக, ரொம்ப மரியாதையாகச் சொன்னார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் வடக்கு அலுவலகம் விடுமுறை. வீட்டில் என் மனைவி அண்ணாச்சியைப் பேசாத பேச்சு இல்லை. நானும் சேர்ந்துகொண்டேன். ஷமீமா வெள்ளி சாயங்காலம் அழுதாள், சனிக்கிழமை காலையிலும் அழுதாள். மத்தியானம் எழுந்து வந்து சாப்பிட்டாள். நன்றாகவே சாப்பிட்டாள். ஞாயிற்றுக்கிழமை ஒரிசாக் கடிதத்தை எடுத்து வைத்துக்கொண்டு, அந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத ஆரம்பித்தாள். "மல்லாங்கிணத்துல கெணறு எம்புட்டு ஆழம் அத்தா?" என்று கேட்டாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றேன். மூன்று வாரத்துக்குப் பிறகு அந்த வீட்டில் ஒருவர் கேட்டதற்கு இன்னொருவர் நேராகப் பதில் சொன்னது அன்றைக்குத்தான்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு நான் ரயில்வே ஸ்டேஷன் எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்குப் போனேன். மண்டியில் போன் இருந்தது. அங்கிருந்து கெஞ்சிப் பேச மனம் வரவில்லை.

இந்த முறை எடுத்தார்கள். மகளின் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் சொன்னேன். போனை எடுத்த எழுத்தர் தேடிவிட்டு ஆங்கிலத்தில் சொன்னார். அந்த ஃபேக்ஸ் நம்பரிலிருந்து வெள்ளிக்கிழமை ஒரு வெற்றுத் தாள் வந்திருக்கிறது, அதில் ஒரு எழுத்தும் இல்லை, தாளைத் திருப்பி வைத்து அனுப்பிவிட்டீர்களா என்று கேட்டார். வெற்றுத் தாளை மறுப்பாக எடுத்துக்கொள்ள முடியாது, இன்று இரண்டு மணிக்குத்தான் பட்டியலை மூடுகிறோம், உங்கள் மகள் வருகிறாளா, இல்லையா?

இருக்கன்குடிக்குப் போன அந்தப் பெண் இருந்திருந்தால் தாளைச் சரியாக வைத்திருப்பாள். அண்ணாச்சி தானே அனுப்பியதால் எழுத்து இருக்கிற பக்கம் மேலே இருந்துவிட்டது. வடக்கே எதுவுமே போய்ச் சேரவில்லை. மதுரையைத் தவிர எல்லாம் அப்படியே இருந்தது.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஓடிப்போய் ஷமீமாவைக் கூட்டிக்கொண்டு வந்திருக்க வேண்டும். வீடு பத்து நிமிஷ நடை. இரண்டு மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது. ஆனால் அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் நின்றுகொண்டு நான் நினைத்ததெல்லாம், இதை வீட்டுக்குக் கொண்டுபோனால் மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும் என்பதைத்தான். மறுபடியும் பட்டியல், மறுபடியும் அவள் தட்டில் அளையும் சோறு. அந்த ஊரில் அவளுக்கு அறை தருவார்களா என்ற நினைப்பும் அப்போது வந்தது. எழுத்தர் இன்னொரு தடவை கேட்டார்.

"நோ சார்" என்றேன். "ஷீ இஸ் நாட் கமிங்."

நல்லது என்று சொல்லி வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்து, இடம் போனது போனதுதானாம் என்றேன். ஷமீமா தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். என் மனைவி அண்ணாச்சியைத் திட்டினாள். நான் தடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கே வந்தார். வெள்ளைச் சட்டை புதிது, கையில் ஒரு ரெக்சின் பை. வாசலில் நின்றவர் உள்ளே வரமாட்டேன் என்றார்.

"மெட்ராசுக்கு டிக்கெட் எடுத்துட்டேன் பாய். அங்கனருந்து வடக்க வண்டி இருக்காம். நேர்ல போயி, தப்பு எம்மேலதான், புள்ள மேல இல்லேன்னு சொல்லிட்டு வாரேன். பாஷை தெரியாட்டி என்ன? நாந்தான் பண்ணேன்னு இங்கிலீசுல ஒரு காயிதம் எழுதிக் குடுங்க. கையெழுத்துப் போட்டு அங்கன நீட்டுறேன்."

"ரெண்டு நாள் பயணம் அண்ணாச்சி."

"இருக்கட்டும். புள்ள அழுத முகம் கண்ணுக்குள்ளயே நிக்குது. ஒரு வார்த்த கேட்டிருக்கணும். நான் கேக்கல."

அவரிடம் அப்போதே சொல்லியிருக்கலாம். உங்கள் தாளில் ஒன்றுமே இல்லை, வடக்கு இடம் உங்களால் போகவில்லை என்று. உள்ளே என் மனைவியும் மகளும் இருந்தார்கள். "வேண்டாம், அங்க வேற ஆள் எடுத்தாச்சு" என்றேன். மணி இரண்டைத் தாண்டிவிட்டதால் அது பொய்யும் இல்லை. அவர் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார். அப்புறம் போய்விட்டார்.

இரண்டு வாரத்தில் ஆடிப் பதினெட்டு வந்தது. அதற்கு மறுநாள் மண்டிக்கு வந்து ஆல்பத்தை எடுத்து என் கையில் கொடுத்தார். ஒரு பக்கத்தில்கூடக் கிளிப் இல்லை. "அவசரமில்ல பாய், வச்சிருந்து பாருங்க" என்றார். வைத்துவிட்டே போய்விட்டார். பஜார் முழுவதும் அப்படித்தான் கொடுத்தாராம். கடைக்காரர்கள் புரட்டினார்கள். புரட்டிக்கொண்டே இருந்தார்கள். தீபாவளி சீசனில் அச்சகங்கள் மூச்சுவிட முடியாமல் ஓடும்போதுதான் பாதிப் பேர் ஆர்டர் சொன்னார்கள். பொங்கல் கழித்துத்தான் பல கடைகளுக்குக் காலண்டர் வந்தது. இரண்டு வருடத்தில் ஏஜென்சியை மருமகனிடம் விட்டுவிட்டார். ஜவுளிக் கடைக்குப் போனால் எல்லாச் சேலையையும் எடுத்துப் போடச் சொல்லிவிட்டு வெளியே வந்து நிற்பாராம். "எனக்கு அது பிடிக்கவே இல்ல" என்று அந்த அம்மா என் மனைவியிடம் சொன்னார்.

எனக்கு அவர் மேல் அப்போதும் எரிச்சல்தான் வந்தது. இப்படியா ஒரு மனிதர் மொத்தமாக மாறுவார்? கொஞ்சம் பழையபடி இருந்து தொலைத்திருந்தால் எனக்கும் மனசில் இவ்வளவு கனம் இருந்திருக்காது. சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை அந்த ஆபீஸ் வாசல் வரை போனேன். ஃபேக்ஸ் பெண் இருப்பாள், மருமகன் இருப்பார், அல்லது அவரே டீ சொல்லிவிடுவார். காரணத்துக்கா பஞ்சம்?

ஷமீமா ஒரிசாவுக்குப் போனாள். சுலபமாக ஒன்றும் இல்லை. மூன்றாவது வருடம் அந்தப் பேராசிரியரோடு சண்டை, திரும்பி வந்துவிடுகிறேன் என்று போனில் அழுதாள். அப்புறம் சமாதானம். மல்லாங்கிணறு பக்கத்துக் கிணறுகளில் பாட்டில் பாட்டிலாகத் தண்ணீர் பிடித்து நான்தான் பார்சல் அனுப்பினேன். பஸ்ஸில் கண்டக்டர் ஒவ்வொரு தடவையும், "பாய், உங்க ஊர்ல தண்ணியே இல்லையா?" என்று கேட்பார். விடுமுறைக்கு வந்தால் ஷமீமா பஜார் பக்கம் போகமாட்டாள். பின்தெரு வழியாகச் சுற்றிப் போவாள். ஐந்தாவது வருடம் அண்ணாச்சி மாரடைப்பில் இறந்தபோது போன் செய்து சொன்னேன். "அப்படியா அத்தா" என்றாள். அடுத்து, பார்சல் வந்து சேர்ந்துவிட்டது என்றாள்.

போன வாரம் ஆய்வேட்டின் ஒரு பிரதியை வீட்டுக்கு அனுப்பியிருந்தாள். கறுப்பு அட்டை, தங்க எழுத்து. என் மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். முதலில் நன்றிப் பக்கம். பேராசிரியருக்கு, கூடப் படித்தவர்களுக்கு, கிணற்றுக்காரர்களுக்கு. அம்மாவுக்கு ஒரு வரி. அதை வாசித்துத் தமிழில் சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதற்கு அடுத்த வரி எனக்கு. மற்றவர்கள் என் வழியைத் தீர்மானித்தபோதும், என் முடிவில் ஒருபோதும் கை வைக்காத என் அத்தாவுக்கு என்று எழுதியிருந்தாள்.

"உங்களுக்கு என்ன எழுதிருக்கா?" என்றாள் மனைவி.

"நன்றின்னு எழுதிருக்கா."

"அம்புட்டுத்தானா?"

"அம்புட்டுத்தான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பினேன்.